ட்ராக் டேக்கு கார் எடுத்துட்டுப் போற நம்ம ஊர் ஆளுங்களுக்கு: ஹெல்மெட்டுல இருந்து இண்டர்காம் வரைக்கும் எதை எப்படிப் பாத்து வாங்கணும்

நம்ம திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் தாண்டுனதும் நாலு வழிச்சாலையில ராத்திரி பதினோரு மணிக்கு மேல காரை விரட்டிப் பாக்குத பயலுவ எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும், நானும் அந்த ரோட்டுல வளந்தவன்தான். அதுல நாலஞ்சு பேரு இந்த வருசம் வந்து "அண்ணாச்சி, பேசாம ட்ராக்குக்கே போயிருவோம்னு இருக்கோம், என்னென்ன வாங்கணும்னு சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. கேட்டதுல எனக்கு அவ்வளவு சந்தோசம். நம்ம வண்டியையே ரேஸ் ட்ராக்குல ஓட்டிப் பாக்குத நாளைத்தான் ட்ராக் டேன்னு சொல்லுதோம். ட்ராக்குல எதிர்ல லாரி வராது, குறுக்க ஆடு வராது, கொடி காட்டுறதுக்கு ஆளு நிக்கும், ஆம்புலன்ஸ் பக்கத்துலயே நிக்கும்.

நமக்கு ரெண்டு இடம் கைக்கு எட்டுத தூரம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்க கரி மோட்டார் ஸ்பீட்வே, ரெண்டு கிலோமீட்டருக்கு சொச்சம், மதுரை திண்டுக்கல் பழனி பொள்ளாச்சி வழியா போனா ஆறேழு மணி நேரம். இன்னொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1990ல தொறந்த ட்ராக், 3.717 கிலோமீட்டர், இப்போ மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட்டுன்னு பேரு. ரெண்டுலயும் பாதி நாளு நம்ம ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரி வீட்டு வண்டிகதான் ஓடும். நான் எழுதுறதும் அப்படி வீட்டு வண்டியில போற ஆளுக்குத்தான், ரேஸ் கார் கட்டுத ஆளுக்கு இல்ல.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். ஹெல்மெட், கழுத்துப் பட்டை, பெல்ட், சீட், ரோல் பார் (வண்டி கவுந்தா கூரை அமுங்காம இருக்க உள்ள போடுத இரும்புக் குழாய்) எல்லாம் தனித்தனி சாமான் மாதிரி கடையில தெரியும், ஆனா அது ஒரே செட்டு. பாதி வாங்கி மாட்டுனா ஒண்ணும் மாட்டாம இருக்கதை விட மோசமா போற எடம் இருக்கு. எந்த எடம்னு பெல்ட்டு கிட்ட வரும்போது சொல்லுதேன்.

முதல் சோலி: தலை

துட்டு கொஞ்சமாத்தான் இருக்குன்னா மொத்தத்தையும் ஹெல்மெட்டுல போடுங்க. பைக் ஹெல்மெட் போதாதா அண்ணாச்சின்னு எல்லாரும் கேக்காங்க. நம்ம கடைகள்ல கெடைக்குத ஐஎஸ்ஐ முத்திரை ஐஎஸ் 4151ங்கிற தரம், அது ரெண்டு சக்கர வண்டிக்கு. ஸ்னெல்னு அமெரிக்காவுல ஒரு அமைப்பு இருக்கு, 1956ல பீட் ஸ்னெல்ங்கிற ரேஸ் ஓட்டுநர் தலையில அடிபட்டு செத்துப்போன பொறவு அவரோட கூட்டாளிக சேந்து 1957ல ஆரம்பிச்சது. அவங்க முத்திரையில எம் 2020ன்னு இருந்தா பைக்குக்கு, எஸ்ஏ 2020ன்னு இருந்தா காருக்கு. எஸ்ஏல தீப்பிடிக்குதான்னு சோதனை உண்டு, உள்ள இருக்க துணி, பட்டை எல்லாத்துக்கும் சேத்து. ரோல் பார்ல மண்டை மறுபடி மறுபடி இடிக்கும்லா, அதுக்குன்னு தனி சோதனையும் உண்டு. எம்முக்கு இந்த ரெண்டும் கெடையாது. கே-ன்னு போட்டிருந்தா கோ-கார்ட்டுக்கு, அதுலயும் தீ சோதனை இல்ல.

ஸ்டிக்கர் ஹெல்மெட்டுக்கு உள்ளாற, துணிக்கு அடியில ஒட்டியிருக்கும். வாங்கும்போது துணியைத் தூக்கிப் பாருங்க. இப்போ புதுசா வாங்குனா எஸ்ஏ 2020 இல்லன்னா எஸ்ஏ 2025. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவோட முத்திரை 8859-2015ன்னு இருந்தாலும் சரி. ஹாஃப் ப்ரைஸ்ல வருதேன்னு பழைய எஸ்ஏ 2010ஐ எடுத்துராதீங்க, ஸ்னெல்காரங்களே அஞ்சு வருசத்துல மாத்திருங்கன்னுதான் சொல்லுதாங்க. முதல் ஒண்ணு ரெண்டு தடவைக்கு நல்ல எம் ஹெல்மெட்டோட விடுத ஏற்பாட்டாளர்கள் உண்டு, புக் பண்ணும்போதே கேட்டுக்கங்க. முகத்தைத் தூக்கித் தொறக்குத மாடல் மட்டும் வேண்டாம்.

சைஸ் தான் நம்ம பக்கத்துல பெரிய பாடு. திருநெல்வேலியில கார் ஹெல்மெட்டை மாட்டிப் பாத்து வாங்குறதுக்கு கடை நான் பாத்தது இல்ல, தருவிச்சுத்தான் வாங்கணும். அதனால தையக்கடை இஞ்சு டேப்பை வாங்கி புருவத்துக்கு மேல, காதுக்கு மேல, பின்மண்டை புடைப்பைச் சுத்தி மூணு தடவை அளங்க, அதுல பெரிய அளவை எடுத்துக்கங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல வந்தா சின்னது. வந்ததும் பட்டையை மாட்டி வீட்டுல அரை மணி நேரம் போட்டுட்டே இருங்க, ஃபேனுக்கு அடியில இருந்தா போதும். கன்னம் கடிக்குத மாதிரி அமுங்கணும், அது நல்லது, பஞ்சு பைய பழகிரும். நெத்தியில ஒரே எடத்துல வலிச்சு செவப்பு வட்டம் விழுந்தா அது உங்க மண்டை வடிவத்துக்கு ஆகாது, திருப்பி அனுப்புங்க. ரெண்டு கையாலயும் ஹெல்மெட்டைப் பிடிச்சு ஆட்டுனா நெத்தித் தோலும் கூடவே நகரணும். பின்பக்கம் பிடிச்சு முன்னால உருட்டிப் பாக்கச் சொல்லுங்க, கழண்டு வந்தா சோலி முடிஞ்சுது.

கீழ விழுந்த ஹெல்மெட்டு, ஓசியில வந்த ஹெல்மெட்டு ரெண்டும் ஆகாது. உள்ள இருக்க தெர்மோகோல் மாதிரி நுரை ஒரு தடவைதான் அமுங்கும், அமுங்குறதுலதான் அடியைத் தாங்கும், வெளிய ஓடு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், உள்ள செத்திருக்கும்.

ரெண்டாவது: பெல்ட்டும் கழுத்தும், இங்கதான் நிதானம் வேணும்

வண்டி சுவத்துல மோதுனா பெல்ட்டு உடம்பைப் பிடிச்சிரும், தலையைப் பிடிக்க ஒண்ணும் கெடையாது. ஒண்ணரை கிலோ ஹெல்மெட்டோட தலை முன்னால போகும், மண்டை ஓட்டுக்கு அடிப்பாகம் கழுத்தெலும்பு சேருத எடத்துல முறியும். 1981ல பாட்ரிக் ஜாக்மார்ங்கிற ஓட்டுநர் அப்படிச் செத்தாரு, அவரு கூட்டாளி ஜிம் டவுனிங் தன்னோட மச்சான் ராபர்ட் ஹப்பர்ட்கிட்ட போய் இதுக்கு வழி இல்லையான்னு கேட்டாரு. ஹப்பர்ட் மிச்சிகன்ல பேராசிரியர், எலும்புல அடி எப்படி எறங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணுனவரு. அவங்க ரெண்டு பேரும் சேந்து கொண்டுவந்த கழுத்துப் பட்டைதான் ஹான்ஸ். தோளு மேல காளைக்கு நுகத்தடி வச்ச மாதிரி உக்காரும், அது மேல பெல்ட்டு போகும், ரெண்டு பக்கமும் வாரு வந்து ஹெல்மெட்டுல மாட்டும், தலை முன்னால போகாம அந்த வாரு பிடிச்சிரும். 2001ல டேடோனாவுல டேல் எர்ன்ஹார்ட் செத்த பொறவுதான் அமெரிக்காவுல எல்லாரும் முழிச்சாங்க, 2003ல இருந்து ஃபார்முலா ஒன்ல ஹான்ஸ் இல்லாம யாரும் ஓட்டக் கூடாது.

இதைக் கேட்டதும் நீங்க நேரா போய் ஹான்ஸ் வாங்கிராதீங்க. ஹான்ஸ் நிக்கது ரெண்டு தோளு மேலயும் பெல்ட்டு அமுக்குறதுனால. நம்ம வண்டியில இருக்க மூணு முனை பெல்ட்டு ஒரு தோளுலதான் போகும், அதோட ஹான்ஸ் போட்டா அது நிக்காது. அப்போ நாலு முனை பெல்ட்டு வாங்கிப் போடுதேன்னு அடுத்த தப்பு பண்ணுவாங்க, நான் மேல சொன்ன மோசமான எடம் இதுதான். நாலு முனை பெல்ட்டுல தோள் பட்டை ரெண்டும் இடுப்புப் பட்டையை மேல இழுக்கும், இடுப்பெலும்புல இருக்க வேண்டியது வயித்துக்கு ஏறிரும், மோதுனா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கிட்டுப் போகும், உள்ள கல்லீரல் குடல் எல்லாம் நசுங்கும். அதைத் தடுக்கத்தான் காலுக்கு நடுவுல வர்ற பட்டையோட அஞ்சு முனை, ஆறு முனை. அது வரணும்னா பட்டை போறதுக்கு ஓட்டை வச்ச, உடம்பை ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிக்குத பக்கெட் சீட்டு வேணும். தோள் பட்டையைப் பின்னால கட்டுறதுக்கு தோளு மட்டத்துல, இல்லன்னா அதுக்கு கொஞ்சமா கீழ ஒரு குறுக்குக் குழாய் வேணும், பின் சீட்டு தரையில கட்டுனா மோதும்போது முதுகெலும்பைக் கீழ அமுக்கிரும். ரோல் பாரும் வேணும், ஏன்னா இந்தப் பெல்ட்டு உங்களை நட்டுக்குத்தலா நிறுத்தி வச்சிரும், வண்டி கவுந்து கூரை எறங்குனா சாயிறதுக்கு வழி கெடையாது.

அதனால என் முடிவு இது. முதல் ரெண்டு வருசம் கம்பெனி சீட்டு, கம்பெனி மூணு முனை பெல்ட்டு, கம்பெனி ஏர்பேக், ஒண்ணையும் தொடாதீங்க. அந்த மூணும் ஒண்ணுக்கு ஒண்ணு சேந்து வேலை செய்யணும்னு கணக்குப் போட்டு இடிச்சுப் பாத்துச் செஞ்சது. சீட்டை நிமித்தி வச்சு, இடுப்புப் பட்டையைக் கீழ இடுப்பெலும்புல படுத மாதிரி இறுக்கி, மேல் பட்டையில தொளதொளப்பு இல்லாம இழுத்து விட்டா போதும். மாத்துனா ரோல் பார், பக்கெட் சீட்டு, ஆறு முனை பெல்ட்டு, ஹான்ஸ் வாரை மாட்டுறதுக்கு எம்6 திருகாணி இருக்க ஹெல்மெட்டு, ஹான்ஸ் அஞ்சும் ஒரே நேரத்துல. எஸ்ஏ 2015க்கு அப்புறம் வந்த எஸ்ஏ ஹெல்மெட்டுல அந்தத் திருகாணி எடம் இருக்கும், பைக் ஹெல்மெட்டுல நீங்களா ட்ரில் போட்டு மாட்டக் கூடாது.

அப்படி மாத்தும்போது பெல்ட்டுல தேதி பாருங்க. எஸ்எஃப்ஐங்கிற அமெரிக்கத் தர அமைப்போட முத்திரைன்னா செஞ்ச தேதியில இருந்து ரெண்டு வருசம், எஃப்ஐஏ 8853-2016ன்னா முத்திரையிலயே முடியுத வருசம் போட்டிருக்கும். நம்ம ஊரு வெயிலு வேற, பாளையங்கோட்டையில தெருவுல நிறுத்துத வண்டின்னா கண்ணாடி வழியா வெயில் பட்டுப் பட்டே நார் நரைச்சுப் போகும், நரைச்ச பெல்ட்டை நம்பாதீங்க.

உடுப்பு, ஷூ, தீயணைப்பான்

இதை வெரசா முடிச்சிருதேன். முதல் நாளைக்கு முழுக்கை காட்டன் சட்டை, காட்டன் ஜீன்ஸ், அடி மெலிசா இருக்க கயிறு கட்டுன ஷூ. கிரிக்கெட் ஜெர்சி துணி போடாதீங்க, பாலியஸ்டர் உருகித் தோலோட ஒட்டிக்கும். பொறவு சூட்டு வாங்குனா நோமெக்ஸ் மாதிரி உருகாத நார்ல செஞ்சது. எஸ்எஃப்ஐ 3.2ஏ/1 முத்திரை ஒத்த அடுக்கு, தீக்குள்ள ஏறக்குறைய மூணு வினாடி தாங்கும். 3.2ஏ/5ன்னா பத்து வினாடி கிட்ட. அந்த ஏழு வினாடி வித்தியாசம்தான் பெல்ட்டைக் கழட்டி கதவைத் தொறக்குத நேரம். க்ளவுஸ் வாங்குனா உள்ளங்கை தோல் வச்சது.

தீயணைப்பான் ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ, இரும்பு ப்ராக்கெட்டுல போல்ட்டு போட்டு, பெல்ட்டு மாட்டுன நெலையில கை எட்டுத எடத்துல. ப்ளாஸ்டிக் கிளிப்புல மாட்டுனா மோதும்போது அதுவே குண்டு மாதிரி பறக்கும். பறக்குத சாமான்னு சொன்னா டேஷ்போர்டுல ஒட்டியிருக்க பிள்ளையாரையும் அன்னைக்கு மட்டும் எடுத்து பத்திரமா பைக்குள்ள வச்சிருங்க, தண்ணி பாட்டில், போன் ஸ்டாண்டு, டிக்கியில ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் எறக்கிருங்க.

மூணாவது: பேச்சு

இதை யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா எனக்கு உசுரு போகப் பாத்தது இதுலதான். என் முதல் ட்ராக் டேல பக்கத்து சீட்டுல சொல்லிக்கொடுக்கிறவரு இருந்தாரு, ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு, ஜன்னல் எறக்கியிருந்தது, இண்டர்காம் கெடையாது, கத்தித்தான் பேசுனோம். நேர் ரோட்டுல பின்னால ஒரு வண்டி நெருங்கிட்டான், இவரு "பாஸ் குடுங்க, பாஸ்"னு சொல்லுதாரு, எனக்கு "ஃபாஸ்ட்டு, ஃபாஸ்ட்டு"ன்னு கேட்டுது. நான் மிதிச்சேன். பின்னால வந்தவன் நான் வழி விடுதேன்னு நெனச்சு பக்கத்துல வந்துட்டான், வளைவுக்குள்ள ரெண்டு வண்டியும் கண்ணாடி உரசுத தூரத்துல போனோம். பிட்டுக்கு (ட்ராக் ஓரத்துல வண்டி நிறுத்துத எடம்) வந்து எறங்குனப்போ எனக்குக் கை நடுக்கம் நிக்கல.

அதனால கருவி வாங்குறதுக்கு முன்னால சொல்லு. உங்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் பொதுவா எட்டு சொல்லு பேசி முடிவு பண்ணிக்கங்க, எட்டும் காதுக்கு வேற வேறயா கேக்கணும். நம்ம தமிழ்ல "விடு"ங்கிற சொல்லு இருக்கே, அது ட்ராக்குல ஆகவே ஆகாது. ப்ரேக்கை விடுன்னும் ஆகும், அவனைப் போக விடுன்னும் ஆகும், நல்லா மிதிச்சு விடுன்னும் ஆகும், மூணும் மூணு திசை. நாங்க இப்போ வச்சிருக்கது: வேகம் குறைக்க "ப்ரேக்", ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை முழுசா எடுக்க "காலைத் தூக்கு", அதை மிதிக்க "கேஸ்", பின்னாடி வண்டிக்கு "வழி", உள்ள போக "பிட்", உடனே நிறுத்த "நில்லு நில்லு". இடது வலதுக்கு "லெஃப்ட்டு", "ரைட்டு"ன்னே வச்சிக்கிட்டோம். "நல்லாருக்கு, அப்படியே போங்க"ன்னு வளைவுக்கு நடுவுல யாரும் பேசக் கூடாது, பாராட்டெல்லாம் நேர் ரோட்டுல வச்சிக்கலாம்.

கொடியும் கையும் மனப்பாடம் ஆகணும், அது பேட்டரி தீராத ரேடியோ. மஞ்சள்னா முன்னால ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தியாச்சு, பைய பிட்டுக்கு வரணும், திடீர்னு ப்ரேக் அடிக்கக் கூடாது. நீலம் பின்னால வேகமான வண்டி. கறுப்புன்னா உங்களைப் பிட்டுக்குக் கூப்பிடுதாங்க. கறுப்புல ஆரஞ்சு வட்டம்னா உங்க வண்டியில ஏதோ கோளாறு, எண்ணெய் ஒழுகலாம். மஞ்சள் சிவப்புக் கோடு ரோடு வழுக்குது. வழி விடுறதுக்கு நம்ம வண்டியில வலது ஜன்னல் வழியா கையை நீட்டி அவன் எந்தப் பக்கமா போகணுமோ அந்தப் பக்கம் காட்டணும், சில எடத்துல இண்டிகேட்டர் போடச் சொல்லுவாங்க. காலையில விதியெல்லாம் சொல்லுத ப்ரீஃபிங்ல எதுன்னு கேக்காம வண்டியில ஏறாதீங்க.

இப்போ இண்டர்காம். ரெண்டு வகை. ஒயர் வச்ச பெட்டி, ரெண்டு ஹெட்செட், ரெண்டு வால்யூம் திருகு. இன்னொண்ணு பைக்காரங்க போடுத சேனா, கார்டோ மாதிரி ப்ளூடூத். உங்ககிட்ட பைக் செட்டு ஏற்கனவே இருந்தா அதையே எடுத்துட்டுப் போங்க, ஆனா ஒரே கம்பெனி ஜோடியா இருக்கணும், சேனாவோட மெஷ்ஷும் (கருவிக தங்களுக்குள்ள நேரா பேசிக்கிற வலை) கார்டோவோட மெஷ்ஷும் ஒண்ணுக்கொண்ணு பேசாது, வேற வேற கம்பெனியை ப்ளூடூத்துல கட்டிப் போட்டா பாதி நேரம் அறுந்து போகும். புதுசா வாங்குதீங்கன்னா ஒயர் பெட்டிதான் என் ஓட்டு. ப்ளூடூத் மாதிரி ஜோடி சேக்குத சோலி கெடையாது, சொல்லிக்கொடுக்கிறவரு மாறுனா ஹெட்செட்டைக் கழட்டி அடுத்த ஹெல்மெட்டுல மாட்டிக்கலாம்.

எந்த வகையானாலும் மூணு எடத்துல ஜனங்க கோட்டை விடுதாங்க. மைக்கு உதட்டைத் தொட்டும் தொடாம இருக்கணும், ரெண்டு விரல் தள்ளி இருந்தா காத்துதான் கேக்கும், மேல நுரை உறை கண்டிப்பா வேணும். முழு முகம் மூடுத ஹெல்மெட்டுக்கு ஒயர்ல வர்ற சின்ன மைக்கு, தொறந்த ஹெல்மெட்டுக்கு கம்பி மைக்கு. அடுத்தது ஸ்பீக்கரு காது ஓட்டைக்கு நேரா வரணும், அரை அங்குலம் தள்ளுனா பாதி சத்தம் போச்சு. ஹெல்மெட்டைப் போட்டுட்டு அடியில விரலை விட்டு எங்க வருதுன்னு தடவிப் பாருங்க. மூணாவது, எடம் பத்தலைன்னு ஹெல்மெட்டு நுரையைக் கத்தியால செதுக்காதீங்க, அந்த எடத்துல அடி வாங்க ஒண்ணும் இருக்காது.

சோதிக்கதுக்கு நமக்கு ஆண்டவன் குடுத்த எடம் இருக்கு. காத்து அடிக்குத ஆடி மாசம் கயத்தாறு காத்தாலைக பக்கமோ ஆரல்வாய்மொழி பக்கமோ ஜன்னலை முழுசா எறக்கிட்டு அளவான வேகத்துல போங்க. பக்கத்து சீட்டுல இருக்கவரு அந்த எட்டு சொல்லையும் மாத்தி மாத்திச் சொல்லட்டும், நீங்க கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க. எட்டும் சரியா வந்தா ட்ராக்குல கேக்கும். எதாவது ஒண்ணு தப்புனா மைக்கை நகத்துங்க, இல்ல அந்தச் சொல்லையே மாத்துங்க.

பிட்டுல இருந்து பேசுத வாக்கி டாக்கி முதல் வருசத்துக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆசைப்பட்டு வாங்குனா சட்டத்தைப் பாத்து வாங்குங்க. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம பேசுறதுக்கு 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு சின்னப் பட்டைதான் தொறந்திருக்கு, அந்தக் கருவிக்கும் அரசாங்க ஒப்புதல் இருக்கணும். ஆன்லைன்ல சல்லிசா வர்ற அஞ்சு வாட்டு செட்டு நெறைய அதுக்கு வெளிய போகும், போலீசு அலைவரிசை வரைக்கும் எட்டும், அது லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கதே தப்பு. வாங்குனா பேசுத பொத்தான் ஸ்டீரிங்ல இருக்கணும், கருவி கையில இருக்கக் கூடாது, பிட்டுல ஒரே ஆளுதான் பேசணும்.

கெளம்புறதுக்கு முந்தின வாரம்

ஹெல்மெட்டு பின்பக்கம் பேரு, ரத்த வகை, வீட்டு நம்பர் ஒட்டிருங்க. மருந்து ஒவ்வாமை இருந்தா அதையும். பொறவு மதிய வெயில்ல, என்ஜின் ஆஃப் பண்ணி, ஏசி இல்லாம எல்லாத்தையும் மாட்டிட்டு இருபது நிமிசம் வண்டிக்குள்ள உக்காந்து பாருங்க, ட்ராக்குல ஒரு செஷன் அவ்வளவு நேரம் போகும். தலை சுத்துத மாதிரி இருந்தா உடனே எறங்கிருங்க. அன்னைக்கு தண்ணி, மோரு, உப்பு எவ்வளவு வேணும்னு அங்கனயே தெரிஞ்சிரும்.

கடைசியா எறங்குத பழக்கம். கண்ணை மூடிட்டு, ஒருத்தர் கையில கடிகாரத்தோட நிக்க, பெல்ட்டைக் கழட்டி கதவைத் தொறந்து வெளிய வரணும். நான் எங்க வீட்டு வாசல்ல முதல் தடவை பண்ணுனப்போ என் மருமவன்தான் நேரம் பாத்தான். பெல்ட்டு கழண்டுச்சு, கதவு தொறந்துச்சு, ஒரு காலு வெளிய வச்சாச்சு, அங்கன இண்டர்காம் ஒயரு தலையைப் பிடிச்சு பின்னால இழுத்திருச்சு. "மாமா, ஒயரு, ஒயரு"ன்னு அவன் கத்துதான், எனக்கு ஹெல்மெட்டுக்குள்ள எந்தப் பக்கம் கையை விடணும்னே தெரியல. மறுநாளே அதை மாத்துனேன். இப்போ இருக்கது சுருள் ஒயரு, நடுவுல ஒரு ஜாக்கு, இழுத்தா தானா கழண்டு வந்துரும். நீங்க எந்த இண்டர்காம் வாங்குனாலும் அந்த ஜாக்கு இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில குடுத்து வச்சுத் தரச் சொல்லுங்க.